உடைத்துப் பார்க்காமல் பாதுகாப்பு புரியாது: பல்கலைக்கழகங்களில் கணினிப் பாதுகாப்புக் கல்வி

பொறியியல் கலந்தாய்வில் சில ஆண்டுகளாக ‘சைபர் செக்யூரிட்டி’ என்ற பெயர் தாங்கிய பிரிவுகள் இடம்பிடித்திருக்கின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால் இதை எடுக்கலாமா, இதற்கு வேலை உண்டா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கணினிப் பாதுகாப்பைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க முடியுமா? முடியுமென்றால், எதைக் கற்பிப்பது, யாருக்கு, எந்த ஆண்டில்? ஐம்பது ஆண்டுகளாக உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் இதோடு மல்லுக்கட்டி வருகின்றன. அவை கண்ட விடைகளைத் தெரிந்துகொண்டால் நம் கல்லூரிகள் எங்கே நிற்கின்றன என்பது விளங்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கணினி எப்படி உடைகிறது என்பதைத் தன் கையால் உடைத்துப் பார்க்காத மாணவருக்குப் பாதுகாப்பு புரியாது. கணினி எப்படி இயங்குகிறது என்று தெரியாதவரால் உடைக்கவும் முடியாது. இந்த இரண்டையும் கொடுக்காத பட்டப்படிப்பு, எந்தப் பெயரில் வந்தாலும், பாதுகாப்புப் படிப்பு ஆகாது.

இந்தத் துறை ராணுவத்தின் தேவையிலிருந்து பிறந்தது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் முறை 1960களில் வந்தபோது, ரகசியம் பார்க்க அனுமதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே இயந்திரத்தில் உட்கார நேர்ந்தது. வில்லிஸ் வேர் தலைமையிலான குழு 1970இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு இது பற்றி அறிக்கை கொடுத்தது. 1972இல் ஜேம்ஸ் ஆண்டர்சனின் அறிக்கை வந்தது. அன்றைக்குப் பாதுகாப்பு என்றால் எந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதுதான். 1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரை அதிலிருந்து எட்டுப் பொதுக் கொள்கைகளை வடித்தெடுத்தது. ஒரு நிரலுக்கு அதன் வேலைக்குத் தேவையான உரிமைக்கு மேல் ஒன்றும் தரக்கூடாது. ஐயம் வந்தால் மறுப்பதே இயல்பான விடையாக இருக்க வேண்டும். வடிவமைப்பை மறைத்து வைப்பதால் மட்டும் ஒன்றும் பாதுகாப்பாகிவிடாது. இவையெல்லாம் அதில் உள்ளவை. அரை நூற்றாண்டு கடந்தும் நாளிதழில் வரும் ஊடுருவல் செய்திகளில் பெரும்பாலானவற்றை இந்த எட்டில் ஏதாவது ஒன்றை மீறியதன் விளைவாக விளக்கிவிடலாம். கணினிப் பாதுகாப்பு படிக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கட்டுரையை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்பேன்.

மறுபக்கம், குறியாக்கம். 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பொதுச்சாவி முறையை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே எம்ஐடியில் ரிவெஸ்ட், ஷமிர், ஆடல்மன் மூவரும் ஆர்எஸ்ஏவைக் கண்டுபிடித்தார்கள். பிரிட்டனின் உளவுத் தகவல் நிறுவனமான ஜிசிஹெச்க்யூவில் கிளிஃபர்ட் காக்ஸ் என்ற கணிதவியலாளர் 1973லேயே ஏறத்தாழ இதே முறையைக் கண்டுபிடித்திருந்தார். அது 1997 வரை ரகசியமாகவே இருந்தது. ஆகவே உலகம் அதை எம்ஐடியிடமிருந்துதான் கற்றது. கண்டுபிடித்ததைப் பிரசுரிப்பது, பிரசுரித்ததை மற்றவர்கள் உடைக்க முயல்வது, உடைந்ததைத் திருத்துவது என்ற திறந்த சுழற்சி பல்கலைக்கழகத்தில்தான் சாத்தியம். இணையத்தில் நாம் பணம் அனுப்புவதற்கு அடிப்படையே அந்தச் சுழற்சிதான்.

ஆனாலும் 1980கள் வரை பாதுகாப்பு என்பது சில ஆய்வாளர்களின் விஷயமாகவே இருந்தது. அதை மாற்றியவர் ஒரு மாணவர்.

1988 நவம்பர் 2ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக முதுநிலை மாணவர் ராபர்ட் மோரிஸ், எம்ஐடி கணினி ஒன்றிலிருந்து தானாகப் பரவும் நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். அன்று இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள். அவற்றில் ஏறத்தாழ 6,000 முடங்கியதாக மதிப்பிட்டார்கள். அந்தப் புழு நுழைந்த வழிகளில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். துறையின் சாரமே அதில் இருக்கிறது. ஒரு பயனர் யார், எப்போது கணினிக்குள் வந்தார் என்று சொல்லும் ஃபிங்கர் என்ற சேவை யூனிக்ஸில் இருந்தது. வெளியிலிருந்து வரும் வரியை வாங்கிக்கொள்ள அது சி மொழியின் ‘கெட்ஸ்’ என்ற செயற்கூறைப் பயன்படுத்தியது. நினைவகத்தில் அந்த வரிக்கு ஒதுக்கிய இடம் 512 பைட். வருவது எவ்வளவு நீளம் என்று கெட்ஸ் பார்ப்பதே இல்லை. புழு 536 பைட் அனுப்பியது. கூடுதலான 24 பைட் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, வேலை முடிந்ததும் நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்து வைத்திருந்த முகவரியை அழித்து எழுதியது. புதிய முகவரி, புழு அனுப்பிய வரிக்குள்ளேயே ஒளிந்திருந்த கட்டளைகளைக் காட்டியது. கணினி கீழ்ப்படிந்தது.

இந்தத் தவறைச் செய்தவர்கள் அரைகுறைகள் அல்லர். அன்றைய உலகின் சிறந்த நிரலாளர்கள் எழுதிய, பல்கலைக்கழகங்களில் ஓடிக்கொண்டிருந்த இயக்குதளம் அது. நிரல் சரியான உள்ளீட்டுக்குச் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க அவர்களுக்குத் தெரியும். கெட்ட நோக்கத்தோடு வரும் உள்ளீட்டுக்கு என்ன செய்யும் என்று கேட்க யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை. சி மொழியின் தரநிலையிலிருந்து கெட்ஸ் அதிகாரப்பூர்வமாக நீக்கப்பட்டது 2011இல்தான். நம் ஊர்ப் பாடநூல்கள் பலவற்றில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஏழாம் பருவத்தில் பாதுகாப்பு என்ற தாளை வைத்துவிட்டு, முதலாண்டு சி ஆய்வகத்தில் பாதுகாப்பற்ற நிரலை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இங்கேதான் முதல் கோளாறு தொடங்குகிறது.

மோரிஸ் புழுவுக்குப் பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசரகால உதவிக் குழு ஒன்றை அமெரிக்க அரசு அதே மாதம் தொடங்கியது. ‘செர்ட்’ என்ற அதன் பெயரைத்தான் இந்தியாவில் 2004இல் தொடங்கிய செர்ட்-இன் வரை பல நாட்டு அமைப்புகள் தாங்கியிருக்கின்றன. புழுவைப் பிரித்து ஆராய்ந்தவர்களில் ஒருவரான பர்டூ பல்கலைக்கழகத்தின் ஜீன் ஸ்பாஃபர்ட் பின்னாளில் அங்கே பெரிய பாதுகாப்பு ஆய்வு மையத்தைக் கட்டியெழுப்பினார். மோரிஸுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகப் பணியும் 10,050 டாலர் அபராதமும் கிடைத்தன. பிறகு அவர் எம்ஐடியிலேயே பேராசிரியரானார்.

1992இல் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலவே கல்லூரி தகவல் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டம் தொடங்கியது. இத்துறைக்கென்றே தனிப் பட்டம் கொடுத்த முன்னோடி அதுதான். அதை உருவாக்கிய ஃப்ரெட் பைப்பர் கணிதப் பேராசிரியர், குறியாக்கத்தில் ஊறியவர். அக்கல்லூரியில் கணிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் நிர்வாகத்தையும் சேர்த்துக் கற்பித்தார்கள். உலகெங்கும் பல கல்லூரிகள் பின்னால் கணிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. காரணம் எளிது. குறியாக்கத்தைக் கரும்பலகையில் நடத்தலாம், கணக்காகக் கேட்கலாம், விடையைத் திருத்தலாம். ஆய்வகம் வேண்டாம்.

இதற்கு எதிராக மிக உரக்கப் பேசியவர் கேம்பிரிட்ஜின் ராஸ் ஆண்டர்சன். 1993இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை வங்கி ஏடிஎம்களில் பணம் எப்படித் திருடு போகிறது என்று ஆராய்ந்தது. குறியாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. வங்கியின் உள்ளே இருந்த ஊழியர்கள், தவறாக அமைத்த மென்பொருள், அலட்சியமான நடைமுறை இவற்றால்தான் பணம் போயிற்று. 2001இல் வந்த அவரது ‘செக்யூரிட்டி இன்ஜினியரிங்’ நூல் இந்தப் பார்வையை ஒரு முழுப் பாடத்திட்டமாக விரித்தது. பொருளாதாரம், உளவியல், சட்டம் எல்லாம் அதில் உண்டு. 1999இல் அல்மா விட்டனும் டக் டைகரும் இன்னொரு சோதனை செய்தார்கள். 12 பேரிடம் பிஜிபி என்ற மின்னஞ்சல் குறியாக்க மென்பொருளைக் கொடுத்து, 90 நிமிடத்தில் கையொப்பமிட்டுக் குறியாக்கிய மடல் ஒன்றை அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கினரால்தான் முடிந்தது. கணிதம் பழுதில்லாதது, மனிதர்களால்தான் அதைப் பயன்படுத்த முடியவில்லை. ஓடிபியைக் கேட்டு வாங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடிகள் மலிந்திருக்கும் நம் நாட்டில், மனிதர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்பது பாடத்தின் நடுவில் இருக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது, தாக்குதலைக் கற்றுத்தரலாமா என்ற விவாதம். 2003இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகம் வைரஸ் எழுதுவதையும் உள்ளடக்கிய தாள் ஒன்றை அறிவித்ததும் வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. திருடக் கற்றுத்தருகிறீர்கள் என்பதே குற்றச்சாட்டு. வெளி வலையோடு தொடர்பில்லாத ஆய்வகத்தில் பல்கலைக்கழகம் அந்தத் தாளை நடத்தியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. குற்றவாளிக்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை. அவனுக்கு வேண்டியது இணையத்திலேயே கிடைக்கிறது. பாதுகாக்கப் போகிறவருக்குத்தான் முறையான பயிற்சி தேவை. பிணத்தை அறுத்துப் பார்க்காமல் மருத்துவராக முடியாதது போலத்தான் இதுவும்.

நல்ல ஆய்வகம் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வென்லியாங் டு 2002இல் தொடங்கிய ‘சீட்’ ஆய்வகப் பயிற்சிகளைச் சொல்லலாம். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சாதாரண கணினியிலேயே மெய்நிகர் இயந்திரமாக ஓடும். ஃபிங்கரைக் கவிழ்த்த அதே வகைத் தாக்குதலுக்கு அதில் ஒரு பயிற்சி உண்டு. இன்றைய லினக்ஸில் அந்தத் தாக்குதலைத் தடுக்கும் கவசங்கள் பல இருப்பதால் மாணவர் முதலில் அவற்றை அணைக்கிறார். நினைவக முகவரிகளை ஒவ்வொரு முறையும் மாற்றிப்போடும் வசதி, அடுக்கில் உள்ள தரவைக் கட்டளையாக ஓடவிடாத தடை, வழிதல் நடந்தால் கண்டுபிடிக்கும் காவல் மதிப்பு என எல்லாவற்றையும் நிறுத்துகிறார். பிறகு பழுதுள்ள ஒரு சிறிய நிரலுக்கு உள்ளீட்டை ஒவ்வொரு பைட்டாகக் கணக்குப் போட்டுத் தயாரிக்கிறார். திரும்பும் முகவரி எங்கே இருக்கிறது என்று டீபக்கரில் தேடுகிறார். பல முறை நிரல் செத்துவிழும். ஒரு கட்டத்தில் திரையில் நிர்வாகி உரிமையோடு கட்டளைக் குறி தோன்றும். அதன்பின் கவசங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, எது தன் தாக்குதலை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று பார்க்கிறார். தாக்கியவரே காவலை அளந்து பார்ப்பதில்தான் கல்வி நடக்கிறது. இந்தப் பயிற்சியை முடித்த மாணவர் வாழ்நாள் முழுக்க உள்ளீட்டின் நீளத்தைச் சரிபார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டார்.

இதே உணர்வைப் போட்டியாக்கியதுதான் ‘கேப்சர் த ஃபிளாக்’. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியாக அதை வளர்த்தது. இந்தியாவில் இதில் முன்னே நிற்பது அம்ருதா பல்கலைக்கழகம். அதன் கொல்லம் வளாக மாணவர்களின் ‘பயோஸ்’ அணி உலக அரங்கில் பெயர் வாங்கியது. மாணவர்களுக்காக அவர்கள் நடத்தும் ‘இன்சிடிஎஃப்’ போட்டி நாடெங்கும் உள்ளவர்களை இழுத்து வந்தது. அதே பல்கலைக்கழகத்தின் கோவை எட்டிமடை வளாகத்தில் சைபர் செக்யூரிட்டியில் எம்.டெக். நடக்கிறது.

தாக்கக் கற்றுத்தரும்போது எல்லையையும் கற்றுத்தர வேண்டும். 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்நாட்டுப் பொதுப் போக்குவரத்து அட்டையிலும் லண்டன் ஆய்ஸ்டர் அட்டையிலும் இருந்த மைஃபேர் கிளாசிக் சில்லின் குறியாக்கத்தை உடைத்தார்கள். கட்டுரையை வெளியிடக்கூடாது என்று உற்பத்தி நிறுவனம் வழக்குப் போட்டது. நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆய்வாளர்கள் முன்கூட்டியே அரசுக்கும் நிறுவனத்துக்கும் சொல்லியிருந்தார்கள். அதுவே அவர்களுக்குப் பலமாக இருந்தது. இதற்கு நேர்மாறானது 2021இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. திறந்த மூல மென்பொருளில் பிழையை ஒளித்து நுழைக்க முடியுமா என்று பார்க்க, லினக்ஸ் கருவைப் பராமரிப்பவர்களுக்கு முன்னறிவிப்பில்லாமல் பழுதான திருத்தங்களை அனுப்பி ஆய்வு செய்தார்கள். விஷயம் வெளியானதும் கருவைப் பராமரிப்பவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பங்களிப்புகளையே தடை செய்தார்கள். ஏற்கப்பட்டிருந்த கட்டுரையை ஆசிரியர்கள் திரும்பப் பெற்றார்கள். அனுமதி கேட்காமல் மனிதர்களின் உழைப்பைச் சோதனைப் பொருளாக்கியதே அங்கே நடந்த குற்றம்.

நம் மாணவர்களுக்கு இது இன்னும் அவசரமான பாடம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியில்லாமல் ஒரு கணினியை அணுகுவதையே தவறாகக் கருதுகிறது. நேர்மையற்ற நோக்கம் சேர்ந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். யூடியூபைப் பார்த்து ஏதோ ஒரு இணையதளத்தின் மீது ஒரு கருவியை ஓட்டிப் பார்க்கும் 19 வயதுப் பிள்ளைக்கு இது தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டியது கல்லூரியின் கடமை. ஓட்டிப் பார்க்கப் பாதுகாப்பான இடம் அமைத்துக் கொடுப்பதும், குறை கண்டால் செர்ட்-இன்னிடம் எப்படித் தெரிவிப்பது என்று காட்டுவதும் அதே கடமையில் அடங்கும்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ரெகுலேஷனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு ‘செக்யூரிட்டி லேபரட்டரி’ இருந்தது. சீசர், பிளேஃபேர், ஹில், விஜினியர், ரெயில் ஃபென்ஸ் என்று வரலாற்றுக் குறிமுறைகளில் அதன் பயிற்சிப் பட்டியல் தொடங்கியது. பிறகு டிஇஎஸ், ஆர்எஸ்ஏ, எம்டி5, ஷா-1. கடைசியில் ஹனிபாட், ரூட்கிட், வைஃபை தணிக்கை, ஸ்நார்ட். இவற்றில் டிஇஎஸ்ஸை 1998லேயே ஒரு தனி இயந்திரம் மூன்று நாளுக்குள் உடைத்துவிட்டது. எம்டி5 2004இல் விழுந்தது, ஷா-1 2017இல். பழையதைப் படிப்பதில் தவறில்லை. ஏன் விழுந்தது என்று படித்தால் அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் ஆய்வகக் குறிப்பேட்டில் இருப்பது நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு, ‘இவ்வாறு நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டது’ என்ற கடைசி வரி. அதோடு முடிகிறது.

எழுத்துத் தேர்விலும் இதே கதைதான். 17, 11 என்ற இரண்டு பகா எண்கள் கொடுத்து, பொதுச்சாவி 7 என்றால் தனிச்சாவி என்ன என்று கேட்டால் நம் மாணவர்கள் 23 என்று சரியாகப் போட்டுவிடுவார்கள். அந்தக் கணக்கை அப்படியே மென்பொருளாக எழுதினால் பாதுகாப்பு இராது. செய்தியோடு சேர்க்கும் நிரப்பலை எப்படி அமைப்பது, பிழை வந்தால் சேவையகம் என்ன பதில் சொல்வது என்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. டேனியல் பிளைக்கன்பாக்கர் 1998இல் செய்துகாட்டியது அதைத்தான். சேவையகம் சொல்லும் பிழைச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு, சாவி இல்லாமலே மறைசெய்தியைப் படித்தார். இதைக் கேட்கும் வினாத்தாள் அரிது. கேட்டால் நடத்த வேண்டியிருக்கும், நடத்தத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். ஆசிரியர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. தகுதியானவர்களுக்குத் தொழில்துறை கொடுக்கும் ஊதியத்தைச் சுயநிதிக் கல்லூரி கொடுப்பதில்லை. இருப்பவர்கள் மீது இரண்டு மூன்று தாள்களும் அங்கீகாரக் கோப்பு வேலையும் சுமத்தப்படுகின்றன. புதிய பிரிவுக்குப் பலகை மாட்டுவது எளிது. அதற்குரிய ஆசிரியரை உருவாக்கப் பத்தாண்டு பிடிக்கும்.

ஆனால் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை ஐஐடியின் காமகோடி தகவல் பாதுகாப்பு குறித்து நடத்திய பாடங்களும், அங்குள்ள செஸ்டர் ரெபெய்ரோவின் பாதுகாப்பான கணினி அமைப்புகள் பற்றிய பாடமும் என்பிடெல் என்ற இணையப் பாடத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. ‘சக்தி’ செயலியை உருவாக்கிய அதே ஐஐடியில் வன்பொருள் பாதுகாப்பும் ஆய்வாக வளர்ந்திருக்கிறது. தரமணியில் 2002 முதல் செட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் குறியாக்கத்திலும் பாதுகாப்பிலும் வேலை செய்கிறது. மாவட்டக் கல்லூரி ஒன்று இவற்றோடு கைகோத்தால், சீட் பயிற்சிகளை ஒரு பருவம் ஒழுங்காக நடத்தினால், பெரிய செலவில்லாமல் நிலைமை மாறும்.

மாற வேண்டிய தேவை நம் வாசலிலேயே இருக்கிறது. 2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையில் இணைந்திருந்த கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதைச் செர்ட்-இன் தெரிவித்தது. முதலில் மறுப்பு வந்தது. அக்டோபர் 30ஆம் தேதி அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்புகள் தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை என்றது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள் தாக்கப்பட்டு, நோயாளிப் பதிவு நாள்கணக்கில் காகிதத்துக்குப் போயிற்று. இப்படிப்பட்ட இடங்களில் போய் உட்கார்ந்து, எந்தக் கோப்பு எப்போது வந்தது, எதோடு பேசியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நமக்கு வேண்டும். பிளேஃபேர் கட்டம் போடத் தெரிந்தவர்களால் அது ஆகாது.

கடைசியாக, தனிப் பட்டம் வேண்டுமா என்ற கேள்வி. 2017இல் சர்வதேசக் கணினி அமைப்புகள் கூடி வகுத்த வழிகாட்டுப் பாடத்திட்டம் இதைத் தரவு, மென்பொருள், உறுப்பு, இணைப்பு, அமைப்பு, மனிதர், நிறுவனம், சமூகம் என்று எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, தனித்துறையாக ஏற்றது. 2019இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் முன்னின்று தொகுத்த அறிவுத் தொகுப்பு 19 பகுதிகளைக் காட்டியது. தனித்துறை என்பதில் எனக்கும் ஒப்புதல்தான். ஆனால் இளநிலையிலேயே பிரிப்பது நம் சூழலில் தவறு என்றே கருதுகிறேன். இயக்குதளம், வலையமைப்பு, கம்பைலர், கணினிக் கட்டமைப்பு இந்த நான்கிலும் கால் ஊன்றாதவர்க்குப் பாதுகாப்பு வெறும் கருவிகளின் பெயர்ப் பட்டியலாகிவிடும். கருவிகள் மாறிப்போகும். இளநிலையில் எல்லாக் கணினி மாணவர்களுக்கும் முதலாண்டு நிரலாக்கத்திலிருந்தே பாதுகாப்பு ஊடுபாவாக வர வேண்டும். தனிப் பட்டம் முதுநிலையில் போதும்.

அதற்குள் இந்தப் பிரிவில் சேர நினைக்கும் பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியின் வேலைவாய்ப்புச் சுவரொட்டியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நேரில் போய் மூன்றாமாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, ஆய்வகத்தில் எதையாவது உடைத்துப் பார்த்திருக்கிறாயா, அதைச் சரிசெய்து காட்டினாயா என்று கேளுங்கள். இல்லை என்றால், நல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை உள்ள வேறு கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். பாதுகாப்பை அங்கிருந்தே படிக்கலாம்.